காய்ச்சலும் கிருமியின் அடையாளமும்

கம்பைநல்லூர்ப் பகுதிச் சங்கங்களின் பேரேடுகளைப் பார்வையிடுவது நமது அன்றாடக் கடமைகளுள் ஒன்று. தவணை தவறிய கடன்களுக்குக் காரணம் வினவும்போது, மழை பொய்த்தது, நூல் விலை ஏறியது, சேலை தேங்கியது, மரவள்ளிக்கு விலையில்லை என்று பலவும் சொல்லப்படுகின்றன. இவற்றுக்கு அடுத்தபடியாக அங்கத்தினர்கள் அடிக்கடி கூறும் காரணம் காய்ச்சல். "பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான், பத்து நாள் ஆஸ்பத்திரி, நகையை வைத்தோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன காய்ச்சல் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. வீட்டாருக்குத் தெரியாது, பல சமயங்களில் மருந்துச் சீட்டு எழுதியவருக்கும் திட்டமாகத் தெரிந்திராது. பெயர் தெரியாத நோய்க்காக நகை பெட்டகத்துக்குள் போயிருக்கிறது.

காய்ச்சலின் பெயரை அறிவதில் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். பெரும்பாலான காய்ச்சல்கள் தாமே வந்து தாமே போகின்றன என்பது உண்மையே. ஆனால் பாக்டீரியா என்னும் கிருமி ரத்தத்தில் புகுந்து பெருகத் தொடங்கினால் நிலைமை வேறு. அப்போது கிருமியை அறிந்து அதற்குரிய மருந்தை விரைந்து செலுத்தாவிடில், சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று ஒவ்வோர் உறுப்பாகச் சீர்கெடும். தொற்றினால் உறுப்புகள் இவ்வாறு சீர்கெடும் நிலையைச் செப்சிஸ் என்பர். 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் 4 கோடியே 89 லட்சம் பேர் இந்நிலைக்கு ஆளாயினர் என்றும், அவ்வாண்டில் இதனோடு தொடர்புடைய மரணங்கள் 1 கோடியே 10 லட்சம் என்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். உலகில் நிகழ்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இது.

ரத்தத்திலுள்ள கிருமியை அறிய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறை, ரத்தத்தைச் சத்து நீர் நிரம்பிய புட்டியில் இட்டு, உடற்சூட்டில் வைத்து, கிருமியை வளரச் செய்வதாகும். பயிர்த்தொழில் செய்வோருக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. கையில் கிடைத்த விதை என்ன விதை என்று தெரியாவிட்டால், அதை மண்ணில் ஊன்றி, முளைத்து இலை விட்ட பிறகு பார்த்துச் சொல்கிறோம் அல்லவா? அதுவே இம்முறை. கிருமி வளர்ந்ததை அறிய ஒன்றிரண்டு நாட்கள் ஆகலாம். அதன் பெயரையும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் அறிய மேலும் ஓரிரு நாட்கள் ஆகும். எதுவும் வளரவில்லை என்று சொல்ல ஐந்து நாட்கள் காத்திருப்பது வழக்கம். கடும் நோயில் கிடப்பவனுக்கு ஐந்து நாட்கள் என்பது மிக நீண்ட காலம்.

காலதாமதம் ஒருபுறமிருக்க, இம்முறைக்கு வேறு இரு குறைகள் உண்டு. விதை உயிரோடிருந்தால்தான் முளைக்கும். காய்ச்சல் கண்டதும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை மூன்று நாள் விழுங்கிவிட்டு, அதன்பின் ஆஸ்பத்திரிக்குச் சென்றால், கிருமி அரைகுறையாகச் செத்திருக்கும். நோய் உள்ளே இருக்கும். புட்டியில் ஒன்றும் முளைக்காது. இரண்டாவது, சில கிருமிகள் சாதாரணச் சத்து நீரில் வளரவே மாட்டா. அவற்றுக்கு உயிருள்ள செல்கள் வேண்டும். எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை.

இவ்விடத்தில்தான் மரபணுச் சோதனை உதவிக்கு வருகிறது. எந்த உயிரானாலும் அதன் அமைப்பு முழுவதும் நான்கே எழுத்துக்களாலான ஒரு நீண்ட இழையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஜக்கார்டு பெட்டியில் ஏற்றும் அட்டைகளை நெசவாளர்கள் அறிவார்கள். துளை இருக்கும் இடமும் இல்லாத இடமும் சேர்ந்து சேலையின் பூ வேலையைத் தீர்மானிக்கின்றன. தறியில் சேலை நெய்து முடியும்வரை காத்திராமல், அட்டையை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே இது மாங்காய்க் கரை, இது அன்னப்பட்சிக் கரை என்று தேர்ந்த கைகள் சொல்லிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்காமல் அதன் இழையைப் படித்தே பெயர் சொல்வதும் அத்தகைய காரியமே.

எல்லாப் பாக்டீரியாக்களிலும் 16எஸ் எனப்படும் மரபணு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,500 எழுத்துக்கள் கொண்டது. அதன் சில பகுதிகள் எல்லாக் கிருமிகளிலும் ஒன்றாகவே இருக்கும். சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். சேலையின் உடல் ஒன்றாக இருந்து கரை மட்டும் ஊருக்கு ஊர் மாறுவதைப் போன்றது இது. உடலைக் கொண்டு "இது பாக்டீரியா" என்றும், கரையைக் கொண்டு "இன்ன பாக்டீரியா" என்றும் அறியலாம். இம்மரபணுவின் வழியே உயிரினங்களை வகைப்படுத்தலாம் என்று அமெரிக்க அறிஞர் கார்ல் வோஸ் 1977இல் காட்டினார்.

ரத்தத்தில் இருப்பதோ மிகச் சொற்பமான இழை. அதைக் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்குப் பெருக்க வேண்டும். பி.சி.ஆர். என்ற முறை அதைச் செய்கிறது. இழையைச் சூடாக்கி இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் துணை இழை கட்டினால் ஒன்று இரண்டாகும்; மறுபடி செய்தால் நான்காகும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும். கூட்டுவட்டியின் வலிமையை நன்கறிந்த நமது அங்கத்தினர்களுக்கு இதில் வியப்பு இராது. இம்முறையை அமெரிக்கரான காரி முல்லிஸ் 1983இல் வகுத்து, 1993இல் நோபல் பரிசு பெற்றார். பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் குரானாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1971இலேயே இதன் அடிப்படைக் கருத்து வெளியாகியிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடுவது பொருத்தம்.

கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்த சோதனை இம்முறையைச் சார்ந்ததே. காசநோய்க்குச் சளியைச் சோதிக்கும் இயந்திரங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. கோவாவில் உற்பத்தியாகும் ட்ரூநாட் என்ற சிறு இயந்திரம் மின்கலத்தாலேயே இயங்கக்கூடியது. காசநோய்க்கு அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. சளியில் இவ்வளவு எளிதாக முடிவது ரத்தத்தில் ஏன் முடிவதில்லை என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் எண்ணிக்கைதான். நோயாளியின் சளியில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். ரத்தத்திலோ, உயிருக்கு ஆபத்தான நிலையிலும், ஒரு மில்லி லிட்டருக்குப் பத்துக் கிருமிகளுக்குக் குறைவாக இருப்பது சாதாரணம். ஒன்றுகூட இல்லாமற் போவதும் உண்டு. அதே ஒரு மில்லி லிட்டரில் நமது சொந்த வெள்ளணுக்கள் பல லட்சம் இருக்கும். வைக்கோற் போரில் ஊசி தேடுகிறோம். வைக்கோலுக்கும் இழை உண்டு என்பதுதான் தொல்லை.

ஆகவே இரு முறைகளையும் இணைத்துச் செய்வதே இப்போது பரவலாக உள்ளது. ரத்தத்தைப் புட்டியில் வளரவிட்டு, வளர்ச்சிக்கு அறிகுறி தெரிந்தவுடன் அந்த நீரை மரபணு இயந்திரத்தில் இடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிருமியின் பெயர் தெரிந்துவிடுகிறது. இத்தகைய கருவி ஒன்று 2013இல் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றது. ஒன்றிரண்டு நாட்கள் மிச்சமாகின்றன. வளர்க்காமலே ரத்தத்திலிருந்து நேரடியாக அறியும் கருவிகளும் வந்துள்ளன. ஆயினும் அவை விலை மிக்கவை, நமது மாவட்டத்து ஏழை நோயாளியின் கைக்கு எட்டுபவை அல்ல.

இனி நமது வயலுக்கு வருவோம். மழைக்குப் பின் வரப்பிலும் கரம்பிலும் புதரிலும் நடமாடுவோருக்கு வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற நோயைச் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மாட்டின் மடியில் ஒட்டும் உண்ணி அன்று இது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால், ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உடலினுள் சென்று ரத்தக் குழாய்களின் உட்சுவரில் குடியேறுகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகலாம். அது வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடி ஆகிய மறைவிடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. பெண்கள் கூச்சத்தால் சொல்வதில்லை.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி இந்நோயைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அக்கல்லூரியினரும் லண்டன் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2020 முதல் 2022 வரை தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இக்கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார் என்பது அவர்கள் கண்டது. பலருக்கு நோய் வெளிப்படாமலே போய்விடுகிறது. சிலருக்கு உயிரைக் கொண்டுபோகும் அளவுக்கு முற்றுகிறது.

இக்கிருமி சாதாரணப் புட்டியில் வளராது. மேலும், காய்ச்சலுக்குப் பொதுவாகச் செலுத்தப்படும் பெனிசிலின் வகை மருந்துகளும் செஃபலோஸ்போரின் வகை ஊசிகளும் இதனிடம் பலிப்பதில்லை. புட்டியில் எதுவும் வளராமலும், விலையுயர்ந்த ஊசி பலிக்காமலும் நாட்கள் கழியும்போது, வீட்டார் ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி அலைகிறார்கள். நமது பேரேட்டில் வரும் "பத்து நாள் ஆஸ்பத்திரி" சிலவற்றின் கதை இதுவாகவே இருக்கக்கூடும் என்று நாம் ஐயுறுகிறோம். இத்தனைக்கும் இதற்குரிய மருந்தான டாக்ஸிசைக்ளின் விலை மலிவானது. நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அசித்ரோமைசினையும் சேர்த்துச் செலுத்துவது ஒற்றை மருந்தைவிட நல்ல பலன் தருகிறது என்று, வேலூர் மருத்துவர்களின் தலைமையில் இந்தியாவின் பல மையங்களில் ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2023இல் காட்டியது. மருந்து இருக்கிறது, நோயின் பெயர்தான் வேண்டும்.

அந்தப் பெயரைச் சொல்ல இரண்டு வழிகள் உள. ஒன்று, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுவது. இது எளிது, செலவும் குறைவு. ஆனால் எதிர்ப்பொருள் தோன்ற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மற்றொன்று மரபணுச் சோதனை. எதிர்ப்பொருள் தோன்றுமுன், காய்ச்சலின் முதல் வாரத்திலேயே இது கிருமியைக் காட்டக்கூடும். கறுத்த பொருக்கிலிருந்து சிறிது எடுத்துச் சோதித்தால் இன்னும் தெளிவு. மருந்து தொடங்கிய பிறகும் அங்கே கிருமியின் இழை சில நாட்கள் தங்கியிருக்கும். எனவே அந்தப் பொருக்கை டாக்டரிடம் காட்டுவதில் கூச்சம் கூடாது.

மற்றொரு மண் நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1911இல் ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர் என்ற மருத்துவரும், அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும், இறந்தவர்களின் உடல்களில் அதுவரை அறியப்படாத ஒரு கிருமியைக் கண்டு, 1912இல் அதைப் பற்றி எழுதினர். அந்நோய் இன்று மெலியாய்டோசிஸ் எனப்படுகிறது. கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காலிலுள்ள வெடிப்பின் வழியாகவோ, மூச்சின் வழியாகவோ உள்ளே புகுகிறது. நீரிழிவுக்காரர்களையே மிகுதியும் தாக்குகிறது. உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது என்றும் 89,000 பேர் மடிகின்றனர் என்றும் 2016இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய ராஜ்யங்களில் இது இருப்பது நன்கு அறியப்பட்டது.

இக்கிருமி புட்டியில் வளரும். ஆனால் அடையாளம் தெரியாத ஆய்வுக்கூடங்களில் இதை வேறொரு சாதாரணக் கிருமி என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவதுண்டு. நுரையீரலில் சீழ் கட்டினால் காசநோய் என்று மயங்கி அதற்கு மருந்து கொடுப்பதும் உண்டு. வளர்ந்த கிருமியில் இந்த இனத்துக்கே உரிய மரபணு ஒன்றைப் பி.சி.ஆர். மூலம் தேடினால் ஐயம் தீர்ந்துவிடும். ஆனால் ரத்தத்திலிருந்து நேரே தேடினால், கிருமி சொற்பமாக இருப்பதால், பெரும்பாலும் தவறிவிடும். இந்நோயில் வளர்ப்புப் புட்டியை விட்டுவிட முடியாது.

கிருமியின் பெயரோடு, அது எந்த மருந்தை எதிர்க்கும் என்பதையும் மரபணு ஓரளவு சொல்கிறது. ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் 2008இல் காணப்பட்ட என்.டி.எம். என்ற மரபணு, கடைசி ஆயுதமாகக் கருதப்படும் மருந்துகளையே செயலற்றதாக்குவது. 2010இல் வெளியான ஆராய்ச்சியில், சென்னையில் திரட்டிய கிருமிகளில் 44இல் அது இருந்தது தெரியவந்தது. பெயரில் டெல்லியைச் சேர்த்தது நியாயமா என்று அப்போது பெரும் சர்ச்சை எழுந்தது. பெயரைப் பற்றி நடந்த வாதத்தில் பாதியளவாவது மருந்துக் கடைகளின் விற்பனையைப் பற்றி நடந்திருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். இந்த மரபணு இருப்பதை ஒரு மணி நேரத்தில் அறிந்தால், பலிக்காத மருந்துக்கு இரண்டு நாட்களும் பணமும் வீணாவதில்லை.

இதனால் மரபணுச் சோதனையே போதும் என்று கொள்வது தவறாகும். செத்த கிருமியின் இழையும் அதில் தெரியும். நோய் தணிந்த பிறகும் "இருக்கிறது" என்று அது சொல்லக்கூடும். ஊசி குத்தும்போது தோலிலிருந்து வந்த கிருமியும் தெரியும். தேடச் சொன்ன கிருமியைத் தவிர வேறு கிருமி இருந்தால், பல இயந்திரங்கள் அதை அறியா. எந்த மருந்து எவ்வளவு கொடுத்தால் கட்டுப்படும் என்பதை முழுமையாக அறிய, கிருமியை வளர்த்துப் பார்ப்பதே இன்னும் வழி. தனியார் ஆய்வுக்கூடங்களில் செலவு ஆயிரக்கணக்கில் ஆகலாம். எல்லாக் காய்ச்சலுக்கும் இதைக் கேட்டுப் பெறுவது அவசியமுமில்லை. வேண்டுமா என்பதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

அங்கத்தினர்களின் கையில் உள்ளவை வேறு. காய்ச்சல் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தாலும், அதற்குள்ளேயே மூச்சு வாங்குதல், புத்தி தடுமாறுதல், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டாலும், மருந்துக் கடைக்குப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ செல்ல வேண்டும். முன்னமே மாத்திரை விழுங்கியிருந்தால் அதன் அட்டையை எடுத்துச் செல்லவேண்டும். என்ன தொழில், சமீபத்தில் எங்கே வேலை செய்தோம், நீரிழிவு உண்டா என்பவற்றைக் கேளாமலே சொல்லிவிட வேண்டும். "நடவுக்குப் போனேன்", "ஆட்டுக்குத் தழை வெட்டப் புதருக்குள் போனேன்", "மழைநீர் புகுந்த தறிக்குழியில் கால் வைத்து நெய்தேன்" என்ற ஒரு வரி, எந்தச் சோதனையைச் செய்வது என்பதையே மாற்றிவிடும். மரபணு இயந்திரம் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்க வேண்டியதை டாக்டருக்கு உணர்த்துவது நோயாளியின் வாய்ச்சொல்தான்.

ரத்தம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "புட்டி புட்டியாக ரத்தம் எடுக்கிறார்கள்" என்று மனம் வருந்திக் கையொப்பமிட மறுத்த உறவினர்களை நாம் அறிவோம். வளர்ந்தவர் ஒருவருக்குப் புட்டிக்கு எட்டு முதல் பத்து மில்லி லிட்டர் வீதம், குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து எடுப்பது முறை. ஒரு மில்லி லிட்டரில் ஒரு கிருமிகூட இல்லாமற் போகலாம் என்று மேலே சொன்னோம்; எனவே குறைய எடுத்தால் கிருமி அகப்படாது. நம் உடலில் ஓடுவதோ சுமார் ஐந்து லிட்டர். இரண்டு இடங்களில் எடுப்பது, தோலிலிருந்து வந்த கிருமியையும் ரத்தத்தில் உள்ள கிருமியையும் பிரித்தறிவதற்காக. மருந்து ஏற்றுவதற்கு முன் எடுப்பதே நல்லது; ஆனால் நிலைமை மோசமாயிருந்தால் இதற்காக மருந்தைத் தாமதிக்கலாகாது.

சங்கங்களும் செய்யக்கூடியது உண்டு. பொது நல நிதியில் ஒரு சிறு தொகையைக் கொண்டு, மழைக்காலம் தொடங்குமுன், அருகிலுள்ள சுகாதார ஆய்வாளரை அழைத்து அங்கத்தினர் கூட்டத்தில் பேசச் செய்யலாம். கறுத்த பொருக்கின் படம் ஒன்றை உரக் கிடங்கிலும், நூல் வழங்கும் அறையிலும் ஒட்டி வைக்கலாம். நீரிழிவுள்ள அங்கத்தினர்களுக்கு ரப்பர் காலணி வாங்கிக் கொடுப்பது பூச்சி மருந்து தெளிக்கும் கருவி வாங்குவதைவிடச் செலவு குறைந்தது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகைக் கடன் கேட்டு வருபவர்களிடம் காரியதரிசிகள் ஒன்று சொல்லலாம். சோதனை முடிவுத் தாள்களின் நகல்களைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அவற்றைக் காட்டுவது புதுச் சோதனைகளின் செலவைக் குறைக்கும். மெலியாய்டோசிஸ் என்று முடிவானவர்கள் ஊசி முடிந்து வீடு திரும்பிய பிறகும் மூன்று மாதமாவது மாத்திரை உட்கொள்ள வேண்டியிருக்கும். காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். அந்த மாத்திரைச் சீட்டை நகைக் கடன் ரசீதோடு சேர்த்து வைத்துக்கொண்டால், தவணை கட்ட வரும் ஒவ்வொரு மாதமும் அது கண்ணில் படும்.